பேஸ்மென்டில் மரக் கடைசல்: தூளும் சீவலும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், மரத்தைச் சுழற்றிக் கடையும் லேத் இயந்திரம் போட்டுக் கிண்ணங்கள் கடையத் தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. கல்யாண வீடுகளிலும் கோயில் வாசலிலும் தொலைபேசியிலும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி உளியைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ அல்ல, தூளைப் பற்றித்தான். ஒரே பதிலைப் பலருக்குச் சொல்லும்போது ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. என் அறை 20 அடி நீளம், 15 அடி அகலம், 7 அடி உயரம். நான் சொல்லும் கணக்குகளை உங்கள் அறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணை, ஊரில தச்சுப் பட்டறையில ஒருத்தரும் முகமூடி போடேல்லையே. இங்க மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

ஊர்ப் பட்டறையை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். நாலு கால், மேலே கிடுகோ தகரமோ, சுற்றிவரச் சுவர் இல்லை. சோளகம் அடித்தால் தூள் தன்பாட்டில் வேலிக்கு அப்பால் போய்விடும். எங்கள் பேஸ்மென்ட் அப்படியில்லை. நவம்பரில் சாத்திய ஜன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறோம். அங்கே எழும்பும் தூளுக்குப் போக வழி வீட்டுக்குள்தான், மேல்மாடியில் நித்திரை கொள்ளும் பிள்ளையின் அறை வரைக்கும்.

ஊர்த் தச்சர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பதும் சரியில்லை. அவர்களுடைய இருமலையெல்லாம் நாங்கள் சுருட்டின் கணக்கில் எழுதிவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதலாம் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உள்ளேயும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளிலும் வரும் புற்று அது. பெரும்பாலும் பல வருடம் மரவேலையே தொழிலாக இருந்தவர்களிடம் கண்டறியப்பட்டது. சனி, ஞாயிறு மட்டும் கடைபவருக்கு அதைவிட முந்தி வரக்கூடியவை ஒவ்வாமையும் ஆஸ்துமாவும். ஒரு மரத்துக்கு உடம்பு ஒருமுறை ஒவ்வாமை காட்டத் தொடங்கிவிட்டால், பிறகு அந்த மரத்தைத் தொடவே முடியாமல் போகலாம்.

சீவலும் தூளும் ஒன்றுதானே? ரெண்டையும் சேர்த்துக் கூட்டி அள்ளினாப் போதாதா?

ஒன்றல்ல. இது விளங்கினால் மற்றப் பதில்கள் பாதி விளங்கிவிடும். சீவல் என்பது உளி வெட்டும்போது வருவது. முழங்கால் உயரத்துக்குக் குவிந்தாலும் அது குப்பைதான். காலில் தடக்கும், வடிகாலை அடைக்கும், தீப்பிடிக்கும். ஆனால் மூச்சுக்குள் போகாது. தூள் என்பது உப்புத்தாள் தேய்க்கும்போது வருவது. அளவில் ஒரு கைப்பிடிகூட இருக்காது. மூச்சுக்கு ஆபத்து முழுவதும் அந்தக் கைப்பிடியில்தான் இருக்கிறது.

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். மூச்சுக்குழாயைத் தாண்டி உள்ளே இறங்கக்கூடிய தூள் 10 மைக்ரானுக்குக் குறைவானது. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் நெஞ்சு உயரத்திலிருந்து நிலத்துக்கு வரப் பத்து நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாள் வேண்டும். அதற்குள் நீங்கள் நடந்தால் திரும்பவும் மேலே எழும்பும். விளக்குமாற்றால் கூட்டுவது விழுந்ததை மறுபடி கிளப்பிவிடும் வேலை. ஆகவே சீவலை வேலை முடிந்தபின் அள்ளலாம். தூளைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத தூள் இருக்குன்னு எப்படி நம்புறது?

முதல் வழிக்குச் செலவில்லை. உப்புத்தாள் வேலை முடிந்து கால் மணி நேரம் கழித்து எல்லா விளக்கையும் அணைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கம்பத்துக்குள் மிதப்பதைப் பார்த்தபின் இந்தக் கேள்வியை யாரும் திரும்பக் கேட்டதில்லை.

இரண்டாவது, பிஎம் 2.5 காட்டும் சின்ன மீட்டர். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகளை அது எண்ணும். வெளிக்காற்றுக்கு ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த அளவு. உப்புத்தாள் பிடித்து ஐந்து நிமிடத்தில் என் மீட்டர் மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். என்னை மாற்றியது அந்த எண் அல்ல. அதே மீட்டரை மேலே குசினியில் வைத்தபோது, கீழே நான் வேலை தொடங்கி முக்கால் மணி நேரத்தில் அங்கேயும் எண் ஏறியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, சாமிப் படங்களின் கண்ணாடியில் ஏன் இவ்வளவு தூசி என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தா. கதவு சாத்தித்தானே இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவ சொன்னதுதான் சரி.

சீவல் மலைபோல குவியுதே, எதால அள்ளுறது?

பனி அள்ளும் பிளாஸ்டிக் சவள். அகலமானது, பாரமில்லாதது, வீட்டில் ஏற்கெனவே இருப்பது. இலை போடும் பெரிய காகிதப் பையை நிமிர்த்தி வைத்து, ஐந்தாறு தரம் அள்ளினால் முடிந்துவிடும். நீளச் சுருள்களை வாக்யூமால் உறிஞ்சப் பார்க்காதீர்கள். குழாயின் முதல் வளைவிலேயே பந்தாகிச் சிக்கும்.

சீவல் அறையெங்கும் பறக்காமல் இருக்க, குளியலறைத் திரை இரண்டைக் கூரையில் தண்டவாளம் போட்டு லேத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிறேன். கடையும்போது இழுத்துவிட்டால் சீவல் எல்லாம் ஆறடிச் சதுரத்துக்குள் விழும். நிலத்தில் வடிகால் துளை இருந்தால் அதன்மேல் கண்ணறை வலை ஒன்றை வையுங்கள். சீவல் உள்ளே போய் ஊறிவிட்டால், வெள்ளம் வரும் நாளில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

ஷாப் வாக்யூம் ஒன்று இருக்கு. அது காணாதா?

நிலத்தைத் துப்புரவாக்கக் காணும். தூள் பிடிக்கக் காணாது. அதற்கென்றே தூள் சேகரிப்பான் என்ற இயந்திரம் இருக்கிறது, பெரிய விசிறியால் தூளை இழுத்துப் பைக்குள் சேர்ப்பது. வாக்யூமின் பலம் இழுவை, தூள் சேகரிப்பானின் பலம் காற்றின் அளவு. சின்னக் குழாய் வழியாக வாக்யூம் நிமிடத்துக்கு நூறு, நூற்றைம்பது கன அடி காற்றை இழுக்கும். ஒன்றரைக் குதிரைவலுச் சேகரிப்பான் 4 அங்குலக் குழாய் வழியாகவே முந்நூற்றைம்பது, நானூறு இழுக்கும். பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். அது குழாயும் வடிகட்டியும் இல்லாமல் அளந்த எண். காற்றில் பறக்கும் தூளைத் திசை திருப்ப வேண்டுவது காற்றின் அளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மலிவுச் சேகரிப்பானோடு வரும் துணிப்பை 30 மைக்ரான் வரைக்கும்தான் பிடிக்கும். இரண்டாம் கேள்வியில் சொன்ன கணக்கைப் பாருங்கள்: ஆபத்தில்லாத பெரிய தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நுண்தூளை அறை முழுக்க ஊதிவிடும். அப்படிப்பட்ட இயந்திரம் இல்லாமலிருப்பதே மேல். வாங்கினால் 1 மைக்ரான் அல்லது ஹெப்பா (மிக நுண்ணிய தூளையும் பிடிக்கும் வகை) உருளை வடிகட்டியோடு வாங்குங்கள். வாக்யூமுக்கும் இதே கதைதான், உள்ளே ஹெப்பா வடிகட்டி போடுங்கள்.

குழாயின் வாயை லேத்தில எந்த இடத்தில வைக்கிறது?

கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஊதுவது தூரம் போகும், உறிஞ்சுவது போகாது. மெழுகுதிரியை ஒரு முழம் தள்ளி வைத்தும் ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைக்க முடியுமா என்று பாருங்கள். குழாய் வாயிலிருந்து அதன் விட்டமளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். 4 அங்குலக் குழாய் என்றால் 4 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இனித் திசை. லேத்தில் மரத்தின் மேற்பக்கம் உங்களை நோக்கி வரும், முன்பக்கம் கீழே இறங்கும், அடிப்பக்கம் பின்னால் போகும். உப்புத்தாளை அடிப்பக்கத்தில் பிடித்தால் தூள் பின்பக்கமாக எறியப்படும். அங்கே, மரத்துக்குப் பின்னால் சற்றுக் கீழே, அகன்ற வாய் ஒன்றை வைத்தால் தூள் தானாகவே அதற்குள் போகும். உப்புத்தாளை மேலே பிடித்தால் அதே தூள் உங்கள் முகத்துக்கு வரும். கிண்ணத்தின் உட்புறம் தேய்க்கும்போது குழாய் வாயைக் கிண்ணத்தின் விளிம்புக்கே கொண்டுவர வேண்டும். வளையும் தாங்கி ஒன்றில் பொருத்தியிருந்தால் இது அரை நிமிட வேலை. உளிதாங்கியை முதலில் கழற்றி எடுத்துவிடுங்கள், அது வழியை மறைக்கும். வேகத்தையும் குறையுங்கள். வேகமாகச் சுற்றும் மரம் தூளைக் குழாயையும் தாண்டி எறியும், உப்புத்தாளும் சூடாகும்.

சைக்ளோன் வாளி வேண்டுமா?

சேகரிப்பானுக்கு முன்னால் அதைப் பூட்டினால் சீவலும் பெருந்தூளும் வாளிக்குள் சுழன்று விழும், வடிகட்டி சீக்கிரம் அடைபடாது. வடிகட்டி அடைபட்டால் இழுக்கும் காற்று குறையும். ஆகவே வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் வடிகட்டியை அடிக்கடி, வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள்.

என்95 முகமூடி கோவிட் காலத்தில வாங்கினது பெட்டி பெட்டியா கிடக்கு. அது போதுமா?

முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் போதும். 0.3 மைக்ரான் துகளில் குறைந்தது 95 விழுக்காட்டை அது நிறுத்தும். வாரந்தோறும் கடைபவர் என்றால் ரப்பர் அரைமுகமூடியும் பி100 வடிகட்டியும் வாங்குவது நல்லது. அது 99.97 விழுக்காடு, முகத்தோடும் நன்றாக ஒட்டும். நாடா தளர்ந்த பழைய முகமூடியையும், ஓரத்தால் காற்றுப் போகும் நீலத் துணி முகமூடியையும் இதற்குப் பாவிக்க வேண்டாம்.

தாடி இருந்தால் இரண்டும் பயனில்லை. மயிருக்கு இடையால் காற்றுப் போகும். ஐயப்பனுக்கு மாலை போட்டுத் தாடி வளர்க்கும் நாட்களில் நான் உப்புத்தாள் வேலை செய்வதில்லை, உளி வேலையோடு நிறுத்திக்கொள்வேன். எப்போதும் தாடி வைத்திருப்பவர்களுக்கு, மின்கலத்தில் ஓடும் விசிறியால் வடிகட்டிய காற்றை முகத்துக்கு அனுப்பும் கவசம் இருக்கிறது. அதில் தளர்வான கவசத்தை எடுத்தால் தாடி பிரச்சினையில்லை. விலை கூட. ஆனால் மூக்குக்கண்ணாடி புகையாது, முகக்கவசமும் அதிலேயே இருக்கிறது. நான் வாங்கியவற்றில் ஒருநாளும் வருந்தாத பொருள் அது.

எப்ப முகமூடியைக் கழட்டலாம்? லேத் நின்ற உடனேயா?

இல்லை. இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். லேத்தை நிறுத்தி, முகமூடியைக் கழற்றி, கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்து ரசிப்பது, அறையில் தூள் மிகக் கூடிய நேரத்தில். இரண்டாம் கேள்வியின் அரை நாளை நினைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்பானையும் காற்றுச் சுத்திகரிப்பானையும் ஓடவிட்டு, முகமூடியோடேயே அறையை விட்டு வெளியே வந்து கழற்றுங்கள். கிண்ணத்தை மேலே கொண்டுவந்து ரசிக்கலாம்.

ஃபேர்னஸுக்குப் பக்கத்திலதான் லேத் வைக்க இடம் இருக்கு. பிரச்சினையா அண்ணை?

பிரச்சினைதான், ஆனால் சமாளிக்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபேர்னஸ் வீட்டுக் காற்றை இழுத்துச் சூடாக்கி எல்லா அறைக்கும் அனுப்பும் இயந்திரம். பேஸ்மென்டில் அது காற்றை இழுக்கும் வாய் ஒன்று இருந்தால், உங்கள் தூளை வீடெங்கும் பரப்பும் பம்பும் அதுதான். முதலில் அந்த வாயைத் தேடுங்கள். பட்டறை அறைக்குள் இருந்தால் மூடிவிடுங்கள். அடுத்து, தகரக் குழாய்களின் மூட்டுக்களைப் பாருங்கள். பழைய வீடுகளில் கூரை மரச்சட்டங்களுக்கு இடையே தகரம் அடித்து அதையே காற்று இழுக்கும் வழியாக ஆக்கியிருப்பார்கள். அது முழுக்க இடுக்கு. அலுமினியப் பட்டியால் எல்லாவற்றையும் ஒட்டுங்கள். வடிகட்டி செருகும் வாய்க்கு மூடி இல்லாத ஃபேர்னஸ்கள் கன வீடுகளில் இருக்கின்றன, அதற்கும் மூடி போடுங்கள். குசினியில் மீட்டர் ஏறியதாகச் சொன்னேனே, எங்கள் வீட்டில் பெரும் காரணம் அந்த மூடியில்லாத வாய்தான்.

உப்புத்தாள் பிடிக்கும் நேரத்தில் தெர்மோஸ்டாட்டில் விசிறியை எப்போதும் ஓடும்படி விடாதீர்கள். ஒரு மணி நேரம் சூட்டையே நிறுத்தி வைத்தாலும் பரவாயில்லை. ஆனால் திரும்பப் போட மறக்காமல் இருக்க வாகனச் சாவியை அதன் பக்கத்தில் வையுங்கள். ஜனவரிக் குளிரில் இரவு முழுக்க நின்றால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும்.

ஃபேர்னஸைச் சுற்றி நீங்களாகவே பலகை அடித்து மூடிவிட வேண்டாம். எரிவாயு எரியக் காற்று வேண்டும். எவ்வளவு இடைவெளி, எவ்வளவு காற்று வழி என்பதை உரிமம் உள்ள எரிவாயுத் தொழில்நுட்பரிடம் கேட்டுச் செய்யுங்கள். சீவலை அதன் பக்கத்தில் குவிக்கவும் கூடாது.

அப்ப ஜன்னலில ஒரு ஃபேனை வைச்சு எல்லாத்தையும் வெளியில தள்ளினா முடிஞ்சுதே?

கோடையில் இது மிக நல்ல வழி. ஆனால் வெளியே தள்ளும் ஒவ்வொரு கன அடிக்கும் பதிலாக ஒரு கன அடி உள்ளே வந்தாக வேண்டும். வேறு வழி திறந்திருக்காவிட்டால், தண்ணீர் சூடாக்கும் தாங்கியின் புகைபோக்கி வழியாக அது கீழே வரும். எரிந்த வாயுவும் அதோடு வரும், அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கும். மணமில்லை, நிறமில்லை, ஆள் மயங்கும்வரை தெரியாமலே போகலாம்.

புது ஃபேர்னஸ் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயால் வெளியிலிருந்தே காற்றை எடுத்து வெளியிலேயே விடும், அதற்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால் ஃபேர்னஸ் புதிதாக இருக்கும் பல வீடுகளில் தண்ணீர்த் தாங்கி பழைய தகரப் புகைபோக்கியோடேயே நிற்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். விசிறி போட்டால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஜன்னலையும் திறவுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்தை அந்த நேரத்தில் ஓட்டாதீர்கள், அதுவும் காற்றை வெளியே தள்ளும் சாதனம்தான். எரிபொருள் எரியும் சாதனம் உள்ள வீட்டில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். பட்டறைக்குள்ளும் ஒன்று வையுங்கள். சேகரிப்பானின் வாயை வெளியே விட்டிருப்பவர்களுக்கும் இந்தப் பதில் அப்படியே பொருந்தும்.

கூரையில தொங்கும் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கணுமா, நாமே செய்யலாமா?

செய்யலாம். 2020இல், கோவிட் பரவிய காலத்தில், அமெரிக்கப் பொறியியலாளர் ரிச்சர்ட் கோர்சியும் வடிகட்டித் தொழிலில் இருந்த ஜிம் ரோசன்தாலும் கொண்டுவந்த பெட்டி நமக்கு அளவாகப் பொருந்துகிறது. நுண்தூளையும் பிடிக்கும் மெர்வ் 13 தரத்து 20 அங்குலச் சதுர வடிகட்டி நாலைச் சுவராக ஒட்டி, அடியில் அட்டை வைத்து, மேலே 20 அங்குலப் பெட்டி விசிறியை வெளிப்பக்கம் ஊதும்படி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு சுலபம். என் அறை 2,100 கன அடி. மணிக்கு எட்டுத் தரம் காற்று முழுவதும் வடிகட்டப்பட வேண்டும் என்று வைத்தால் 16,800. அதை 60ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 280 கன அடி. நன்றாக ஒட்டிய பெட்டி ஒன்று இதைத் தாராளமாகக் கொடுக்கும். ஆனால் இது காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட தூளுக்கு. உங்கள் மூக்கைத் தாண்டிய பிறகுதான் பெட்டிக்கு வரும். குழாய் வாயையும் முகமூடியையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது.

சார், முந்நூறு, நானூறு டாலர்தான் ஒதுக்க முடியும். எதை முதல்ல வாங்கணும்?

அரைமுகமூடியும் பி100ம் முதலில். மிச்சத்தில் பெட்டி விசிறியும் வடிகட்டிகளும். அதற்குப் பிறகும் இருந்தால் உங்களிடமுள்ள வாக்யூமுக்கு ஹெப்பா வடிகட்டி. சேகரிப்பானுக்குப் பணம் சேரும்வரை, இன்னும் காயாத பச்சை மரத்தையே அதிகம் கடையுங்கள்.

பச்சை மரம் கடைஞ்சா தூளே வராது எண்டு சொல்லுகினம். உண்மையோ?

உளி வேலையில் உண்மை. ஈர மரம் நீளமான ஈரச் சுருளாகத்தான் வரும், மீட்டர் அசையாது. என் குளிர்கால வேலைத் திட்டமே இதை வைத்துத்தான். பச்சையாக இருக்கும்போது தடிப்பாகக் கடைந்து வைப்பேன். மாதங்கள் கழித்துக் காய்ந்தபின் இறுதிக் கடைசலும் உப்புத்தாளும், கூடியவரை மே முதல் செப்டம்பர் வரை, ஜன்னல் திறந்திருக்கும் காலத்தில்.

ஈரச் சீவலை மட்டும் அறையில் விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும், குவியலின் நடுவில் சூடும் ஏறும். பேஸ்மென்ட் கோடையில் ஏற்கெனவே ஈரமானது. அன்றைய சீவல் அன்றே வெளியே போக வேண்டும். இரண்டு கை அளவை மட்டும் எடுத்து, தடிப்பாகக் கடைந்த கிண்ணத்தோடு காகிதப் பைக்குள் போட்டு மடித்து வைப்பேன். மெதுவாகக் காயும், வெடிப்பு விழாது. வாரம் ஒருமுறை பையை மாற்றினால் அதற்குள்ளும் பூஞ்சணம் வராது.

எந்த மரம் கூடாதது? அப்பா ஊரிலயிருந்து கொண்டுவந்த பழைய முதிரைக் கட்டில் கால் ஒண்டு இருக்கு, அதில ஏதாவது கடைஞ்சு தருவீங்களோ?

கடைந்து தருவேன், முழுக் கவசத்தோடு. முதிரை பட்டுப்போல் மினுங்கும் அருமையான மரம். ஆனால் அதன் தூள் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும் என்பது பழைய காலத்திலேயே தெரிந்த விஷயம். நீளக்கை போட்டு, கழுத்துப் பட்டனைப் பூட்டி, முடிந்தவுடன் குளித்துவிட வேண்டும். தேக்கும் சிலருக்கு அப்படிச் செய்யும். உங்கள் அப்பாவுக்கு அந்த மரத்தின் அருமை தெரியும், அதனால்தான் இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார். கைக்கடக்கமான மூடியுள்ள மரச்செப்பு ஒன்று கடைந்தால் மரமும் மிஞ்சும்.

இங்குள்ள மரங்களில் மேற்குக் கரைச் சிவப்பு சீடாருக்குத்தான் நான் மிகப் பயப்படுவேன். அதிலுள்ள பிளிகாட்டிக் அமிலம் ஆஸ்துமாவை உண்டாக்கும். வேலைத்தலங்களுக்கு எல்லை வகுக்கும் அமெரிக்க நிபுணர் அமைப்பு, பெரும்பாலான மரத்தூளுக்கு ஒரு கன மீட்டருக்கு 1 மில்லிகிராம் என்று வைத்துவிட்டு, இதற்கு மட்டும் 0.5 என்று பாதியாக்கியிருக்கிறது. மணக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

கறுப்புக் கோடு ஓடிய மேப்பிளையும் கவனியுங்கள். அந்தக் கோடுகள் பூஞ்சை போட்டவை, அழகும் அதனால்தான். அப்படிப்பட்ட மரத்தில் தூளோடு பூஞ்சை வித்தும் சேர்ந்து வரும். மேப்பிள் பட்டைக்குக் கீழே வளரும் ஒருவகைப் பூஞ்சையால் பட்டை உரிக்கும் தொழிலாளருக்கு நுரையீரல் நோய் வந்ததை 1932இலேயே மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டையை வீட்டுக்கு வெளியே உரித்துவிட்டு மரத்தை உள்ளே கொண்டுவாருங்கள்.

மரத்தூள் வெடிக்கும் எண்டு மகள் சொல்லுறாள். வீட்டில அப்படி நடக்குமோ?

மகள் சொல்வது பொய்யில்லை. 2012இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஜனவரியில் பேர்ன்ஸ் லேக்கிலும் ஏப்ரலில் பிரின்ஸ் ஜோர்ஜிலும் மரம் அரியும் ஆலைகள் வெடித்தன. தலா இருவர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். வண்டு அழித்த பைன் மரங்கள் காய்ந்து கிடந்து அரிபட்டதால் தூளும் மிக உலர்ந்து நுண்மையாக இருந்தது. ஆனால் வெடிக்க, எதிரில் நிற்பவர் தெரியாத அளவுக்குத் தூள் காற்றில் தொங்க வேண்டும். லேத் ஒன்று உள்ள வீட்டு அறையில் அந்த நிலை வருவது மிக அரிது.

தீ அப்படி அரிதல்ல. அது இரண்டு வழியில் வரும். ஒன்று, உளி தீட்டும் சக்கரத்தின் பொறி. அதைச் சீவலிலிருந்து தூர வையுங்கள், சேகரிப்பான் குழாயை அதற்குப் பூட்டவே பூட்டாதீர்கள். பொறி பைக்குள் போய் மணிக்கணக்காகக் கனன்று நடுச்சாமத்தில் எரியும். மற்றது, ஆளி விதை எண்ணெயும் அது கலந்த மெருகும் துடைத்த துணி. கசக்கிப் போட்டால் காற்றோடு சேர்ந்து தானே சூடாகித் தானே பற்றும். சீவல் குவியலுக்குள் அப்படி ஒரு துணி கிடப்பதைப் போல ஆபத்து வேறில்லை. விரித்து வெளியே காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். இதில் மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்று ஒருநாளும் விடாதீர்கள்.

குழாயைத் தொட்டா ஷாக் அடிக்குது. எர்த் வயர் போட வேணுமோ?

குளிர்காலத்தில் காற்று வரண்டு கிடப்பதால் பிளாஸ்டிக் குழாயில் நிலைமின் ஏறும். ஷாக்கால் உயிருக்கு ஒன்றுமில்லை. சுழலும் மரத்துக்குப் பக்கத்தில் கை உதறிவிடுவதுதான் ஆபத்து. உறையில்லாத செப்புக் கம்பியைக் குழாயில் சுற்றிச் சேகரிப்பானின் உலோக உடலோடு இணைத்தபின் எனக்கு அந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

இவ்வளவு சீவலையும் என்ன செய்றீங்க? தோட்டத்துக்குப் போடலாமா?

போடலாம், மண்ணுக்கு மேலே விரிப்பாக. மண்ணோடு கலந்தால் அது உக்கும்போது பயிருக்குப் போக வேண்டிய நைதரசனை எடுத்துக்கொள்ளும். குசினிக் கழிவோடு மாறி மாறி அடுக்கினால் நல்ல எரு வரும். கறுப்பு வால்நட் சீவலைத் தக்காளிப் பாத்திக்குப் போடாதீர்கள், வாடிவிடும். குதிரை வைத்திருப்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள், கால் குளம்பில் கடும் நோய் வரும். 2004க்கு முந்திய பச்சை நிற டெக் பலகையில் ஆர்சனிக் இருக்கலாம். அதை லேத்தில் போடவே கூடாது.

இந்தப் பகுதியில் இலவசமாகக் கிடைக்கும் ஆஷ் மரம் பெரும்பாலும் மரகத வண்டு கொன்றது. கனடாவில் 2002இல் விண்ட்சரில் முதலில் கண்டார்கள், பிறகு தென் ஒன்ராறியோ முழுக்கப் பரவியது. எனக்குக் கிடைத்த முதல் மரமும் எங்கள் தெருவில் அப்படி வெட்டியதுதான். அந்தக் கட்டையையும் பட்டையையும் காட்டேஜ் விடுமுறைப் பயணத்துக்கு விறகாகக் கொண்டு போகாதீர்கள். வண்டு அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போனது.

எல்லாம் சரி மாமா, தூளே வராமல் செய்ய ஒரு வழியும் இல்லையா?

முழுக்க இல்லை. ஆனால் பாதிக்கு மேல் குறைக்கலாம், அதுவும் காசில்லாமல். தூளின் அளவைத் தீர்மானிப்பது எந்த இலக்க உப்புத்தாளில் தொடங்குகிறீர்கள் என்பதுதான். இலக்கம் குறைந்தால் தாள் கரடு, கூடினால் நுண்மை. 80இல் தொடங்கினால், உளி செய்ய வேண்டிய வேலையை உப்புத்தாளிடம் கொடுத்திருக்கிறீர்கள். கடைசி வெட்டுக்கு முன்னால் உளியைத் தீட்டி, சுரண்டும் உளியைச் சரித்துப் பிடித்து மெல்லிய சீவலாக எடுத்தால் 180இல் தொடங்கலாம். சில மரங்களில் 220இலேயே.

எண்ணெய் மெருகு போடும் கிண்ணம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. எண்ணெயைப் பூசிவிட்டு, ஈரத்தோடேயே, நீர்பட்டாலும் கரையாத உப்புத்தாளால் மெதுவான வேகத்தில் தேய்ப்பது. தூள் பறக்காமல் களியாகி மரத்திலேயே நிற்கும், நுண்துளைகளையும் அடைக்கும். துடைத்த துணியை என்ன செய்வதென்று மேலே சொல்லியிருக்கிறேன். தொடங்கிய காலத்தில் ஒரு கிண்ணத்துக்கு ஒன்றரை மணி நேரம் உப்புத்தாள் பிடிப்பேன். இப்போது இருபது நிமிடம். மிச்ச நேரம் முழுவதும் தீட்டுக் கல்லில் போகிறது.